தளர்த்திய கம்பி

(புளியந்தோப்பில், படிப்பகம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஒரு தொழில் நகரம். அதில் ஆஸ்டன் என்று ஒரு பேட்டை. அந்தப் பேட்டையில் வளர்ந்த நான்கு பையன்கள் 1968ல் சேர்ந்து தொடங்கிய பிளாக் சபாத் என்ற இசைக்குழுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஹெவி மெட்டல் என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிற இசைக்கு முதல் கல்லை நட்டவர்கள் அவர்கள். இதையெல்லாம் ஐ.ஐ.டி.யிலோ பெசன்ட் நகரிலோ போய்ப் பேசலாமே, புளியந்தோப்பில் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இங்கேதான் முதலில் பேசியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பர்மிங்காம் நமக்கு அந்நிய ஊர் கிடையாது. 'பாடி லூகாஸ்' என்று பஸ் ஸ்டாப் பெயர் சொல்கிறோமே, அந்த லூகாஸ் பர்மிங்காம் கம்பெனி. டி.வி.எஸ்.ஸோடு கூட்டுச் சேர்ந்து 1961ல் இங்கே வந்தது. திருவொற்றியூரில் 1955லிருந்து புல்லட் செய்தார்களே, அந்த என்ஃபீல்டின் தாய்வீடு ரெட்டிச் என்ற ஊர். பர்மிங்காமுக்குப் பக்கத்து ஊர்தான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ் சைக்கிளும் பர்மிங்காம் சரக்கு. நம் அப்பாக்களும் தாத்தாக்களும் அந்த ஊர்க்காரர்கள் செய்த அதே பாகங்களைத்தான் இங்கே செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் போட்ட பாட்டு மட்டும் நம்மிடம் வரவே இல்லை. வந்ததும் வேறு வாசல் வழியாக வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த நான்கு பேர் யார்? பாடகர் ஓஸி ஆஸ்போர்ன். கிதார் டோனி அயோமி. பேஸ் கிதாரும் பெரும்பாலான பாட்டு வரிகளும் கீஸர் பட்லர். டிரம்ஸ் பில் வார்ட். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களுக்கு நடுவே விளையாடி வளர்ந்த தலைமுறை. ஓஸியின் அப்பா ஜி.இ.சி. ஆலையில் நைட் ஷிஃப்ட் பார்த்த டூல்மேக்கர். அம்மா லூகாஸில் வேலை. ஆறு பிள்ளைகள், சின்ன வீடு. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட ஓஸி பிளம்பர் வேலை கற்றுக்கொள்ளப் போனான், நிற்கவில்லை. அம்மா வேலை பார்த்த லூகாஸிலேயே கார் ஹாரன்களை அடித்து அடித்துச் சோதிக்கிற வேலை. நாள் முழுக்க ஹாரன் சத்தம். அதையும் விட்டுவிட்டு மாடு அறுக்கும் தொட்டிக்குப் போனான். அறுத்த மாட்டின் வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதை வாரிக் கொட்டுவது முதலில் கொடுத்த வேலை. நம் ஆட்டுத்தொட்டியில் விடியற்காலையில் குடல் கழுவுகிற கைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. அந்த நாற்றம் குளித்தாலும் போகாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஒரு துணிக்கடையில் திருடி மாட்டிக்கொண்டு, அபராதம் கட்ட முடியாமல் வின்சன் கிரீன் சிறையிலும் சில வாரம் இருந்தான்.

இந்தப் பையனைக் குழுவில் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு காரணம், அவனிடம் சொந்தமாக மைக்செட் இருந்தது. மகனுக்காக அப்பா கடன்பட்டு வாங்கிக் கொடுத்தது. இசைக்கருவிக் கடையில் அவன் ஒட்டிய விளம்பரத்தில் அதையும் எழுதியிருந்தான். பையன் உருப்பட மாட்டான் என்று ஊரே சொன்னபோது டூல்மேக்கர் அப்பா ஒருவர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஹெவி மெட்டல் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

இனி அயோமி. இன்று நான் பேச வந்ததே முக்கியமாக இவருடைய இரண்டு விரலைப் பற்றித்தான்.

அவருக்கு அப்போது 17 வயது. தகடு வெட்டி வளைக்கிற ஒரு பட்டறையில் வெல்டர். ஒரு குழுவோடு வெளிநாடு போய் வாசிக்க வாய்ப்பு வந்திருந்ததால் வேலையை விட்டாயிற்று. அன்றைக்குக் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். போய் முழு நாளையும் முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். பிரஸ்ஸில் தகடு மடிக்கிற ஆள் அன்று வரவில்லை. ஓட்டிப் பழக்கமே இல்லாத மெஷினில் இவரை நிறுத்திவிட்டார்கள். பிரஸ் வலது கை மேல் இறங்கியது. பயத்தில் கையை வெடுக்கென்று இழுத்தார். நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் உள்ளேயே தங்கிவிட்டன.

அயோமி இடது கைக்காரர். இடது கையால் மீட்டி, வலது கை விரல்களால் கம்பியை அழுத்துகிறவர். போனது அழுத்துகிற விரல்கள். இனி கிதாரை மறந்துவிடு என்று டாக்டர்கள் சொன்னார்கள். படுத்துக் கிடந்தவரைப் பார்க்க வந்த பட்டறை மேனேஜர் ஒரு ரெக்கார்டைப் போட்டுக் கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற நாடோடி இனக் கிதார்க் கலைஞரின் ஜாஸ் வாசிப்பு. இந்த மனுஷன் தீவிபத்தில் கை கருகி, இடது கையில் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி வாசிக்கிறார் என்று சொன்னாராம்.

அதற்குப் பிறகு அயோமி செய்ததைப் பட்டறை வேலை தெரிந்தவர்கள் ரசிப்பீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அதில் விரல் நுழைகிற அளவுக்குக் குழி போட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கம்பி வழுக்காமல் இருக்கப் பழைய தோல் ஜாக்கெட்டில் ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினார். இரண்டு விரலுக்கு இரண்டு தொப்பி. எந்தக் கடையிலும் கிடைக்காத பாகத்தைத் தானே அளவெடுத்துத் தானே செய்துகொண்டது ஒரு வெல்டரின் கை.

ஆனால் தொப்பி போட்ட விரலுக்குக் கம்பி படுவது தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது காதில் கேட்டால்தான் உண்டு. கெட்டியான கம்பியை அழுத்தினால் எலும்பு வரை வலி. மெல்லிய கம்பி செட் அன்று இங்கிலாந்தில் விற்கவில்லை. பேஞ்சோவுக்குப் போடும் கம்பியை வாங்கி மாட்டினார். அதுவும் போதாமல் பின்னாளில் கம்பியையே தளர்த்தினார். நம் கணக்கில் சொன்னால், கிதாரின் அடிக்கம்பி மூன்று கட்டையில் நிற்பது வழக்கம். 1971ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாட்டுகளில் அதை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். கம்பி தளர்ந்தால் விரலுக்கு இதம். கூடவே ஒலி கனத்துப்போகும். கீஸர் பட்லரும் பேஸை அதே அளவுக்கு இறக்கி, கிதார் போகிற வழியிலேயே போனார். முழு கார்டு பிடிக்க விரல் ஒத்துழைக்காததால் அயோமி இரண்டு மூன்று சுரத்தை மட்டும் அழுத்தி, அந்த ஊரிலேயே செய்த லேனி ஆம்ப்பைத் திருகி ஒலியை நிரப்பினார். ஹெவி மெட்டலின் 'ஹெவி' வந்த வழி இதுதான்.

பர்மிங்காம் ஆலைகளின் சம்மட்டிச் சத்தம்தான் மெட்டல் இசையானது என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கேட்ட ஆலைச் சத்தத்தைப் பற்றி அந்த ஊர் இசைக்காரர்களே பேசியும் இருக்கிறார்கள். ஆனால் ஆலைச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்கள் உலகத்தில் ஆயிரம் உண்டு. பின்னி மில் சங்கு கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கேயும் உண்டு. சத்தத்தைவிட விரல்தான் எனக்குச் சரியான சாட்சியாகத் தெரிகிறது. ஆலை ஒரு உடம்பைச் சேதப்படுத்தியது. அந்த உடம்பு தனக்கு ஏற்றபடி கருவியை மாற்றியது. மாற்றிய கருவியிலிருந்து புது ஒலி வந்தது.

இன்று உலகத்தில் எத்தனையோ மெட்டல் குழுக்கள் கம்பியைத் தளர்த்தித்தான் வாசிக்கின்றன. அவர்களுக்கு விரல் முழுதாக இருக்கிறது. ஒருவருடைய வலிக்குக் கண்ட வழி ஒரு வகை இசைக்கே இலக்கணமாகிவிட்டது.

அந்த இலக்கணத்தின் முதல் பக்கம் அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியீடு. ஆல்பத்துக்கும் குழுவுக்கும் பாட்டுக்கும் ஒரே பெயர். பாட்டின் ஆதாரம் மூன்றே சுரம். கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், அதிலிருந்து இறங்கிப் பிரதிமத்யமம். அவ்வளவுதான். ஐரோப்பிய இசையில் இந்தச் சட்ஜம்–பிரதிமத்யம இடைவெளிக்கு 'இசையில் பிசாசு' என்றே பட்டம். தேவாலயம் அதைத் தடை செய்தது என்று ஒரு கதை உலவுகிறது, அப்படி ஒரு தடைக்கு ஆதாரம் கிடையாது. வாத்தியார்கள் தவிர்க்கச் சொன்னார்கள், அதுதான் உண்மை. நம்மிடம் 72 மேளகர்த்தாவில் 36 இந்தப் பிரதிமத்யமத்தோடுதான் இருக்கின்றன. கல்யாணி அதில் ஒன்று. கல்யாண வீட்டு நாகசுரத்தில் மங்களமாகக் கேட்கிற அதே சுரம், ஆஸ்டன் பையன்கள் கையில் அச்சமாகக் கேட்கிறது. சுரம் மாறவில்லை. அது நிற்கிற இடமும் போகிற வேகமும்தான் வேறு. கல்யாணி அந்தச் சுரத்தைப் பக்கத்துச் சுரங்களோடு உறவாட விடுகிறது. அயோமி அதைத் தனியாக, சுற்றிலும் ஒன்றுமில்லாமல் நிறுத்தி, கொஞ்சம் நடுங்க வைக்கிறார்.

இவர்கள் முதலில் வாசித்தது ப்ளூஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு. ப்ளூஸுக்கு அடிப்படையான ஐந்து சுரம் நம் சுத்த தன்யாசியோடு ஒத்துப்போகும். அடிமைப்பட்ட மக்கள் பருத்திக் காட்டில் தொடங்கியதை சிகாகோ ஆலைப் பகுதியில் மின்சாரக் கிதாருக்கு மாற்றினார்கள். அதைக் கேட்டுத்தான் பர்மிங்காம் பையன்கள் கற்றார்கள். முன்னோடிக் குழு என்று சொல்லும்போது அந்த முன்னோடிகளுக்கு முன்னே நின்றவர்களை மறந்தால் அது நன்றி கெட்ட பேச்சு.

வரிகளுக்கு வருகிறேன். 1960களின் கடைசியில் ராக் பாட்டு என்றால் தலையில் பூ, அன்பு, கலிபோர்னியா வெயில். ஆஸ்டனில் புகையும் சம்பளமும்தான் இருந்தன. தங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் பாடினார்கள். பயம், சாவு, போர், போதை, புத்தி கலங்குவது. 1970ல் வந்த 'பாரனாய்டு' ஆல்பத்தின் முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். போரை ஏவிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர்கள் யார், சாக அனுப்பப்படுகிற ஏழைகள் யார் என்று நேராகக் கேட்கிற பாட்டு அது. அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டு, போரிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பும் சிப்பாய்களைப் பற்றியது. எழுதிய கீஸர் பட்லர், பிரிட்டனையும் போருக்குள் இழுத்துவிடுவார்களோ என்று பயந்த வயதில் இருந்தார்.

சாத்தானைக் கும்பிடுகிற குழு என்று இவர்கள் மேல் பழி விழுந்தது. இங்கேயும் சில வீடுகளில் அப்படிச் சொல்லி கேசட்டைப் பிடுங்கியிருக்கிறார்கள். பெயர் ஒரு பேய்ப் படத்தின் பெயர், 1963ல் வந்தது. முதல் பாட்டில் வருகிறவன் கரிய உருவத்தைப் பார்த்துப் பதறிக் கடவுளைக் கூப்பிடுகிறவன். கீஸர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகளைச் செய்து கொடுத்தது வேறு யாருமில்லை, ஓஸியின் அப்பாதான். ஆலையில் கிடைத்த உலோகத்தில், மகனுக்கும் மகனுடைய நண்பர்களுக்கும் காப்பாக.

விமர்சகர்கள் அன்று கிழித்துத் தொங்கவிட்டார்கள். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை முதல் ஆல்பத்தை மதிக்கவே இல்லை. வெறும் சத்தம், படிப்பில்லாத பையன்கள். இந்தச் சொற்கள் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கானாவைப் பற்றி இதே சொற்களைச் சொன்னவர்கள் நம் ஊரில் உண்டு. ஆலைத் தொழிலாளிகள் ஆல்பத்தை வாங்கினார்கள். பிரிட்டன் பட்டியலில் முதல் ஆல்பம் எட்டாம் இடம் வந்தது, இரண்டாவது முதலிடம்.

பாதிப்பின் கிளைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பட்டியல் நீளம். அதே வட்டாரத்திலிருந்து ஜூடாஸ் பிரீஸ்ட் வந்தது. அமெரிக்காவில் மெட்டாலிகா, ஸ்லேயர். மெதுவாக, பாரமாக நகரும் டூம் மெட்டல் என்ற வகை முழுவதும் அந்த முதல் பாட்டின் பிள்ளை. சியாட்டிலிலிருந்து வந்த சவுண்ட்கார்டன், பிரேசிலின் செபுல்டுரா, எல்லோரும் அந்தக் கடனைச் சொல்லியிருக்கிறார்கள். தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சிங்கப்பூரில் 1992ல் தொடங்கிய ருத்ரா என்ற குழு தென்னிந்திய வம்சாவளி இளைஞர்களுடையது. 1998ல் முதல் ஆல்பம். சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் மெட்டலுக்குள் கொண்டுவந்து, வேதிக் மெட்டல் என்ற தனிப் பெயரையே உண்டாக்கினார்கள். அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சுலோகத்துக்கு இடம் கொடுத்த மெட்டலில் ஆட்டுத்தொட்டிக்கும் பவர் பிரஸ்ஸுக்கும் இடம் கொடுக்கிற தமிழ்ப் பாட்டுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

இந்தியாவுக்குள் இது வந்த வாசலைச் சொல்கிறேன் என்றேன். ஆங்கிலப் பள்ளி, கல்லூரி விடுதி, வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவரும் கேசட். பெங்களூரில் அயர்ன் மெய்டன் 2007ல், மெட்டாலிகா 2011ல். சென்னையில் ஐ.ஐ.டி. சாரங் விழாவுக்கு 2009ல் சுவீடனின் ஓபெத். வெல்டரும் மாடு அறுத்தவனும் செய்த இசை, நம் நாட்டில் வெல்டரின் பிள்ளை நுழைய முடியாத கேட்டுக்கு உள்ளேதான் ஒலித்தது. அங்கே கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களில் பலர் உண்மையாக நேசித்தவர்கள். கேட்டுக்கு வெளியே நின்றவர்களை நினைத்தால்தான் ஆற்றாமை.

அந்தக் கேட்டை முதலில் அசைத்தது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பேன். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017ல் சேர்த்த குழு. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கம் பெயின் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. பறை, சட்டி, டோலக்கோடு மின்சாரக் கிதாரும் டிரம்ஸும் ஒரே மேடையில். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே பாட்டில். ராயபுரத்து இசைவாணி அந்த மேடையில் பாடியது உங்களுக்குத் தெரியும். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்த பெயர் அது. இந்தத் தெருக்களில் அந்தப் பெயருக்குத் தனிக் கனம் உண்டு. 1918ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம், பின்னி மில் என்று நாம் சொல்கிற பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்துத்தான் எழுந்தது. மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, அதே மில்லில் அருகருகே தறி ஓட்டியவர்கள் சாதியாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர் போனது. மில் 1996ல் மூடியது. அந்தக் காயம் மூடவில்லை.

கானாவுக்கும் பிளாக் சபாத்துக்கும் நேரடி உறவு கிடையாது, இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் சாவு வீட்டில் விடிய விடிய நின்று சாவைப் பாடத் தெரிந்த பேட்டை இது. அந்தக் கனமான கிதாருக்குப் பக்கத்தில் மரண கானாவை வைத்துப் பார்க்கும் துணிச்சல் இங்கிருந்துதான் வர முடியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விரல் போனதால் அயோமிக்கு இசை கிடைத்தது என்று யாரும் விபத்தைக் கொண்டாடாதீர்கள். அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் பிரஸ் ஷாப்புகளில் விரல் இழந்த பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரெக்கார்டு கொண்டுபோய்க் கொடுத்த மேனேஜர் யாருமில்லை. இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடும், கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரும் இன்றைக்குப் புதிய கண்டுபிடிப்பு இல்லை. உற்பத்தி குறையும் என்று அவற்றைக் கழற்றி வைக்கச் சொன்னால் மறுக்கிற உரிமை உங்களுக்கு உண்டு. பழக்கமில்லாத ஆளைப் பிரஸ்ஸில் நிறுத்தாதே என்பதை ஒவ்வொரு யூனியனும் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

2025 ஜூலை 5ஆம் தேதி அந்த நான்கு பேரும் ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் கடைசியாக ஒன்றாக மேடை ஏறினார்கள். சின்ன வயதில் ஆட்ட நாளன்று கார்களுக்குக் காவல் நின்று ஓஸி சில்லறை சம்பாதித்த மைதானம் அது. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். 17 நாள் கழித்து, ஜூலை 22ஆம் தேதி, 76 வயதில் காலமானார். ஊர்வலத்துக்கு பர்மிங்காம் தெருவே நிரம்பியது.

இப்போது அந்த முதல் பாட்டைப் போடப்போகிறோம். 6 நிமிடம் 20 விநாடி. தம்பி, ஸ்பீக்கரில் பேஸைக் கூட்டி வை. முதலில் மழையும் மணியும் கேட்கும், அவை பிறகு சேர்த்தவை, அவற்றில் மயங்கிவிடாதீர்கள். மூன்றாவது சுரம் வரும்போது கவனியுங்கள், அதுதான் பிரதிமத்யமம். நாலரை நிமிடம் வாக்கில் வேகம் மாறும். டோலக் வாசிக்கிற பிள்ளைகள் அங்கே பில் வார்டின் கையைக் கேளுங்கள், ஜாஸ் கேட்டு வளர்ந்த கை அது. பாட்டு முடிந்ததும் கேள்விகள் கேட்கலாம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னே வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.